கிழிக்கிற இடம்

"சிகுசா, இங்க கொஞ்சம் வாயேன்."

மாமியார் கூப்பிட்ட விதத்திலேயே ஏதோ சரியில்லை என்று சிகுசாவுக்குத் தெரிந்துவிட்டது. தோஷியே சாதாரணமாகக் கூப்பிட்டால் ஷியோயா ஸ்டேஷனில் நிற்கிறவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். இன்று உள்ளறையிலிருந்து வந்த குரலோ, பக்கத்தில் யாரோ தூங்குகிற மாதிரி வந்தது.

ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு போனாள்.

வெள்ளைத் துணி விரித்த பீடத்துக்கு முன்னால் தோஷியே முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். பீடத்தின்மேல் சிகுசாவின் கணவன் ஷூஹேயின் போட்டோ. பக்கத்தில் அவனுடைய எலும்புக் கலசம். அவன் போய் நாளைக்கு நாற்பத்தொன்பதாம் நாள். குருக்கள் வந்து ஓதி முடித்ததும் கலசம் குன்றின்மேல் இருக்கிற குடும்பக் கல்லறைக்குப் போய்விடும். வெள்ளைத் துணியை மடித்து வைத்துவிடுவார்கள்.

"ஊருக்கெல்லாம் குடுக்கறதுக்கு முன்னாடி அவனுக்கு ஒரு கப் போட்டு வைக்கலாம்னு ஒரு பெட்டியைப் பிரிச்சேன்" என்றாள் தோஷியே. அவள் கையில் ஒரு காபி உறை இருந்தது. "நீயே சொல்லு. இதை எந்த இடத்துல கிழிக்கணும்?"

"பக்கவாட்டுல ஒரு சின்ன வெட்டு இருக்கும் பாருங்க அத்தே. அதுலேருந்து நேரா இழுத்தா வந்துடும்."

"அந்த வெட்டு எங்க இருக்குன்னு பாரு."

சிகுசா பார்த்தாள்.

உறையில் இருந்தது அவள் வரைந்த ஷூஹே. கழுத்தில் துண்டு, கையில் கெட்டில், பாதி திரும்பிய முகம், எத்தனை வாரினாலும் படியாத அந்த ஒரு கொத்து முடி. கடையில் நின்று அவன் காபி ஊற்றுவது அப்படியே வந்திருந்தது. வெட்டு சரியாகத் துண்டுக்கு மேலே இருந்தது. அங்கிருந்து கிழித்தால் தலை தனி, உடம்பு தனி.

"ஐயோ" என்றாள் சிகுசா.

போன வாரம் நாம் விட்டபோது, இந்த நூறு பெட்டிகளையும் கட்டி முடித்து, அவற்றின் நடுவிலேயே தலை சாய்த்துத் தூங்கிப்போயிருந்தாள் அவள். சாவுக்கு வந்து ஊதுவத்திப் பணம் வைத்துவிட்டுப் போனவர்களுக்கு இந்த வீடு செய்கிற பதில் மரியாதை அது. பெட்டிக்கு ஐந்து பை. உள்ளே இருப்பது ஷூஹே கடைசியாக வறுத்த காபி. அவன் போன பிறகு அந்தக் கொட்டையை மூடியே வைத்திருந்து, அவன் படம் போட்ட உறை அச்சாகி வந்ததும் அரைத்து, அடைத்து, ஒவ்வொன்றாக சீல் போட்டாள். மேலே சுற்றுகிற தாளில் நம் பக்கத்து வழக்கப்படி மஞ்சளும் வெள்ளையுமான முடிச்சு இருக்கிறதா, டோக்கியோக்காரர்கள் மாதிரி கறுப்பு அடித்துவிட்டார்களா என்றுகூட ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பார்த்தவள். கிழிக்கிற இடத்தைப் பார்க்கவில்லை.

"தெரிஞ்சேவா பண்ணினே?" என்று கேட்டாள் தோஷியே.

"அத்தே! என்ன கேக்கறீங்க?"

"பூனை வரைஞ்சே, ரயில் வரைஞ்சே, மீன் வரைஞ்சே. ஒண்ணாவது இப்படி ஆச்சா? இவனுக்கு மட்டும் ஏன் ஆகணும்?"

"அதையெல்லாம் அவர்தான் பார்ப்பார்" என்றாள் சிகுசா. "அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி படத்து மேல விரலால ஒரு கோடு இழுப்பார். 'பூனைக்குக் காது போகுது, கீழ இறக்கு'ம்பார். 'மீனுக்கு வால் போனா போகட்டும், கண்ணு போகக் கூடாது'ம்பார். நான் ஒரு நாளும் பார்த்ததே இல்ல அத்தே. அவர் பார்ப்பார்னு…"

தோஷியே உறையை மடியில் குப்புற வைத்துக்கொண்டாள். "நூறு வீடு. வீட்டுக்கு அஞ்சு தடவை என் புள்ளை கழுத்தை…" என்று ஆரம்பித்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வறுக்கிற அறைக் கதவு திறந்தது. மாமனார் டோகுஜி எட்டிப் பார்த்தார். "காலங்காத்தால என்ன ரெண்டு பேரும்?"

அவரே வந்து மனைவியின் மடியிலிருந்து உறையை எடுத்து, ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பிடித்துப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"முகம் நல்லா வந்திருக்கு" என்றார். பிறகு, "இப்படி அனுப்ப முடியாது."

மகனுடைய பைகளை டோகுஜி கையில் எடுத்துப் பார்த்ததே இதுதான் முதல் தடவை. கோபேயில் இருக்கிற காபிக் கடைகளுக்கு மூட்டை மூட்டையாக வறுத்துக் கொடுத்தவர் அவர். கடைகள் ஒவ்வொன்றாக மூடியபோது ஷூஹே இந்தப் பையைக் கொண்டுவந்தான். ஒரு ஆளுக்கு ஒரு பை. உறையைக் கிழித்தால் உள்ளே வடிதாள் பை, அதற்கு இரண்டு காது. காதை இழுத்துக் கோப்பை விளிம்பில் மாட்டி வெந்நீர் ஊற்றினால் காபி. "காதுக் காபி" என்று டோகுஜி பெயர் வைத்தார். "சோம்பேறிங்களுக்குக் காபி ஒரு கேடா?" என்றார். சோம்பேறிகள் வரிசையில் நின்று வாங்கினார்கள். ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போகிறவர்கள், புது வீட்டுக்குக் குடிவந்தவர்கள், ஆபீஸ் மேஜை டிராயரில் போட்டு வைக்கிறவர்கள். காபிக்காகப் பாதி, சிகுசாவின் படத்துக்காகப் பாதி. அப்பனும் பிள்ளையும் ஒரே சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக வேலை பார்த்தார்கள். பேசிக்கொண்டதெல்லாம் சாப்பாட்டு வேளையில் "அந்த சோயா சாஸை இப்படித் தள்ளு" என்பதோடு சரி.

"ஒரு ஸ்டிக்கர் ஒட்டிடலாம் மாமா" என்றாள் சிகுசா அவசரமாக. "'கத்தரிக்கோலால் மேலே வெட்டவும்'னு."

"கத்தரிக்கோலைத் தேடி எடுத்தா காபி போடுவாங்க? கைக்கு சுலபம்னுதானே இந்தச் சனியனையே கண்டுபிடிச்சாங்க."

"அப்ப என்ன பண்றது?"

"சும்மா வெள்ளி உறை இருக்குல்ல? எல்லாத்தையும் மாத்து. சாயங்காலம் கூரியர் வர்றதுக்குள்ள முடிச்சுடலாம்."

"வேண்டாம் மாமா."

சிகுசா இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து மாமனாரிடம் 'வேண்டாம்' என்று சொன்னதில்லை. டோகுஜி திரும்பிப் பார்த்தார். தோஷியேயும் பார்த்தாள்.

"வேண்டாம்னா?"

"வெள்ளி உறையில போட்டா நாளன்னிக்கே போட்டுக் குடிச்சுடுவாங்க. தூக்கிக் குப்பையில போட்டுடுவாங்க."

"குடிக்கத்தானே குடுக்கறோம்?" என்றாள் தோஷியே. "சாவு வீட்டுலேருந்து ஏன் டீயும் சர்க்கரையும் சோப்பும் குடுக்கறாங்க? தீர்ந்து போற சாமானா இருக்கணும்னுதான். நம்ம துக்கம் அவங்க வீட்டு அலமாரியில குடியிருக்கக் கூடாது. சாப்பிட்டாங்களா, தீர்ந்துதா, முடிஞ்சுதா. இது உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"பின்ன?"

"தீர வேண்டாம் அத்தே" என்றாள் சிகுசா. "நாளைக்குக் கலசமும் போயிடும். இந்தக் காபியும் குடிச்சுத் தீர்ந்துட்டா அவர் எங்க இருப்பார்? முகத்தைப் போட்டா யாருக்கும் பிரிக்க மனசு வராதுன்னு நெனைச்சேன். கழுத்து விஷயம் சத்தியமாத் தெரியாது. ஆனா யாரும் பிரிக்கக் கூடாதுன்னு நெனைச்சேன். அது நெசம்."

அறையில் ஊதுவத்திச் சாம்பல் உதிர்ந்தது. தோஷியே மருமகளைத் திட்டுவாள் என்றுதான் டோகுஜி நினைத்திருக்க வேண்டும். அவள் திட்டவில்லை.

"பைத்தியம்" என்றாள், மெல்ல. "பிரிக்காம வெச்சா உள்ள இருக்கறது சிக்கடிச்சுப் போயிடும்டி."

"எழுந்திருங்க" என்றார் டோகுஜி. "என் பையன் வறுத்தது குடிக்கறதுக்கு. கொலு வைக்கறதுக்கு இல்ல."

கடை மேஜையில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். டோகுஜி கத்தியால் வெட்டினார். அவருக்குத் தெரிந்த விதத்தில், ஒரு அளவுகோலை வைத்து, மகனின் அந்தப் படியாத முடிக்கும் மேலே, சீல் போட்ட இடத்துக்கு ஒட்டி, ஒரு நூல்கூடத் தலையில் படாமல். தோஷியே உள்ளே இருந்த வடிதாள் பையை எடுத்து வெள்ளி உறையில் நுழைத்தாள். சிகுசா மெஷினில் வைத்து, பொடி கெடாமல் இருக்க நைட்ரஜன் ஏற்றி, சீல் போட்டாள். காலி உறைகள் ஒரு பக்கம் குவிந்தன. ஒவ்வொன்றிலும் ஷூஹே முழுசாக இருந்தான். உள்ளேதான் ஒன்றும் இல்லை.

இதன் நடுவில் மீன்கடை இசோனோ அக்கா வந்து சேர்ந்தாள், கையில் ஒரு கட்டு கடற்பாசித் தாளோடு.

"நேத்துக் காயவெச்சது. நாளைக்குச் சொந்தக்காரங்க வருவாங்களேன்னு கொண்டாந்தேன். என்ன இது, எல்லாரும் சேர்ந்து பீடி சுத்தற மாதிரி?" என்று ஒரு உறையை எடுத்துப் பார்த்தவள், "அட, ஷூஹே!" என்றாள். "இதையா எங்களுக்குக் குடுக்கப் போறீங்க?"

"குடுத்தா என்ன பண்ணுவே இசோனோ?" என்று கேட்டாள் தோஷியே.

"என்ன பண்ணுவேன், சாமி அலமாரியில வெப்பேன். இந்த முகத்தை எப்படிக் கிழிக்கறது? கை வருமா?"

தோஷியே மருமகளைப் பார்த்தாள். சிகுசா மெஷினைப் பார்த்தாள்.

"என் வீட்டுக்காரர் படத்தையே நான் வீட்டுல வெக்கல, ஆள் உயிரோட இருக்கறதால" என்று இசோனோ தொடர்ந்தாள். "விடியறதுக்கு முன்னாடி கடலுக்குப் போயிடறார் மனுஷன். எழுந்து தனியா உக்காந்து உங்க பையில ஒண்ணைப் பிரிச்சுக் குடிச்சாத்தான் எனக்கு நாள் ஓடுது. ஒத்தை ஆளுக்கு இதான் சௌகரியம்னு எல்லார்கிட்டயும் சொல்றேன். மிச்சம் ஆகாது, ஆறிப்போகாது, பாரு சிகுசா, இனிமே உனக்குக்கூட…"

வாயை மூடிக்கொண்டாள். மூடியதும்தான் அவள் சொன்னது அறை முழுக்கக் கேட்டது.

"ஐயோ, என் நாக்கை மீன் வெட்டற கத்தியாலதான் வெட்டணும்."

"பரவால்ல அக்கா."

"பரவால்லியா? எனக்கே பரவால்ல இல்ல." அவள் கடற்பாசிக் கட்டை மேஜையில் வைத்துவிட்டு, கும்பிட்டு, தெருவில் இறங்கிப் போனாள். போகும்போதும் தன்னைத் தானே திட்டிக்கொண்டு போவது கேட்டது.

சிகுசா எழுந்து நின்றாள். அவளுக்கு அப்போதுதான் அது ஞாபகம் வந்தது.

"அத்தே, ஹகோடாடே பெட்டி! அது முன்னாடியே போயிடுச்சு."

வடகோடியில், ஹகோடாடேயில் இருப்பது மடோகா, ஷூஹேயின் தங்கை. வயிற்றில் பிள்ளை. எழுந்து நடமாடக் கூடாது என்று டாக்டர் படுக்கப் போட்டுவிட்டதால் அண்ணன் சாவுக்குக்கூட வர முடியாமல் போனவள். அவ்வளவு தூரம் போக வேண்டுமே என்று அவள் பெட்டியை மட்டும், நாளைக்குச் சேர வேண்டும் என்று எழுதி, முன்கூட்டியே அனுப்பியிருந்தாள் சிகுசா.

"பிரிக்காதேன்னு உடனே சொல்லு" என்றாள் தோஷியே, முகம் வெளுத்து. "அவ இருக்கற நிலைமையில… போ, போன் பண்ணு."

சிகுசா போனை எடுத்துக்கொண்டு வறுக்கிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"அண்ணி! நானே பண்ணணும்னு இருந்தேன். பெட்டி வந்துடுச்சு."

"இன்னிக்கேவா?"

"நாளைக்குப் பனி கொட்டப் போகுதாம். கூரியர் ஆள் இப்பவே குடுத்துட்டுப் போயிட்டான்."

"மடோகா, சொல்றதைக் கேளு. அதைப் பிரிக்காதே."

"பிரிச்சுட்டேன்" என்றாள் மடோகா.

சிகுசா சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"தலை தனியாக் கையில வந்துடுச்சு அண்ணி. எனக்குக் கை கால் ஓடல. உங்களைத் திட்டினேன், நெசமா. 'இந்த அண்ணிக்குக் கிறுக்கா'ன்னு சத்தமாவே கத்தினேன்."

"திட்டு. நல்லாத் திட்டு."

"திட்டி முடிக்கறதுக்குள்ள வாசனை வந்துடுச்சு. சின்ன வயசுல அவன் சைக்கிள்ல பின்னாடி உக்காந்து முதுகுல மூக்கை வெச்சுக்கிட்டே ஸ்கூலுக்குப் போவேன். அதே வாசனை. சாவுக்குத்தான் வரல, பாடையைப் பாக்கல, எனக்கு அழுகையே வராம இருந்துச்சு அண்ணி. எல்லாரும் அழுதீங்க. நான் இங்க படுத்துக்கிட்டு விட்டத்தைப் பார்த்தேன். இன்னிக்குத்தான் அழுதேன். அழுது முடிச்சு, எழுந்து, போட்டுக் குடிச்சேன்."

"டாக்டர்…"

"ஒரு கப் பரவால்லேன்னார்." மூக்கை உறிஞ்சினாள். "அண்ணி, ஒண்ணு சொல்லணும். சொல்லாம இந்தக் காபி தொண்டையில எறங்க மாட்டேங்குது."

"சொல்லு."

"நவம்பர்ல அண்ணன் போன் பண்ணினான். மேடு ஏறினா நெஞ்சை யாரோ கையால அழுத்தற மாதிரி இருக்குன்னான். டாக்டர்கிட்டப் போடான்னேன். வருஷக் கடைசிப் பரிசுப் பெட்டி ஆர்டரெல்லாம் முடியட்டும்ன்னான். 'அப்பாகிட்டச் சொல்லிடாதே, காதுக் காபியாலதான் உடம்பு கெட்டுச்சும்பார்'னு சிரிச்சான். நானும் சிரிச்சேன். சிரிச்சேன் அண்ணி. உங்களுக்கு ஒரே ஒரு போன் பண்ணியிருந்தா…"

சிகுசா ஆறிக்கிடந்த வறுக்கிற உருளையின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். ஒரே படுக்கை, ஒரே மேஜை, ஒரே கடை. அவளிடம் சொல்லவில்லை. 'களைப்பா இருக்கு' என்றுகூடச் சொல்லவில்லை. கத்த வேண்டும் போல இருந்தது. யாரைப் பார்த்து என்றுதான் தெரியவில்லை.

"குழந்தை உதைக்குதா?" என்று கேட்டாள்.

"ம். இப்பகூட."

"போய்ப் படுத்துக்கோ. இதை வேற யார்கிட்டயும் சொல்லாதே. நான் அப்புறம் பேசறேன்."

அவள் திரும்பி வந்தபோது டோகுஜி அடுத்த உறைக்கு அளவுகோல் வைத்துக்கொண்டிருந்தார். நாலில் ஒரு பங்குதான் முடிந்திருந்தது. சிகுசா அவர் கையிலிருந்து அந்த உறையை வாங்கினாள். பக்கவாட்டில் இருந்த வெட்டில் விரலை வைத்து, நேராக ஒரே இழுப்பாக இழுத்தாள்.

"ஏய்!" என்று கத்தினாள் தோஷியே.

தலை ஒரு கையிலும் உடம்பு ஒரு கையிலுமாக அவள் நின்றாள். அதற்குள் வாசனை எழுந்துவிட்டது. தோஷியே கத்தியது பாதியில் நின்றது. அவள் மருமகளின் கையைப் பிடித்து இழுத்து, கிழிந்த உறையில் முகத்தை வைத்துக்கொண்டாள். சாவன்றைக்கு, வீட்டுக்கு ஆட்கள் வருவார்கள் என்று, மகனின் சட்டைகளையெல்லாம் துவைத்துக் காயப்போட்டவள் அவள்தான். மறுநாள் ஒவ்வொரு சட்டையாக எடுத்து முகர்ந்து பார்த்து, எல்லாவற்றிலும் சோப்பு வாசனைதான் வருகிறது என்று அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு அழுதாள்.

"இங்க இருக்கான்" என்றாள். "ஏங்க, இங்க இருக்கான்."

டோகுஜி கத்தியைக் கீழே வைத்தார்.

"மடோகா கிழிச்சா" என்றாள் சிகுசா. "என்னைத் திட்டினா, அழுதா, அப்புறம் போட்டுக் குடிச்சா. எல்லாரும் கிழிக்கட்டும் அத்தே. என்னைத் திட்டட்டும். குடிச்சு முடிக்கட்டும்."

தோஷியே வெகு நேரம் உறையை விடவில்லை. கடைசியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மாற்றிவிட்ட வெள்ளி உறைகளைத் தனியாக ஒதுக்கினாள். "என் அக்கா மாதிரி வயசானவங்க வீட்டுக்கு மட்டும் இது போகட்டும். அவளுக்கு ரத்தக் கொதிப்பு. அந்தப் பென்ஷன் வாத்தியார் வீட்டுக்கும் இதுவே இருக்கட்டும், அவர் மனுஷன் பயந்த சுபாவம். இசோனோவுக்கு ஷூஹேயே போகட்டும். அவளாவது கொஞ்ச நேரம் வாயை மூடிக்கிட்டு இருப்பா."

கூரியர்காரர் வந்து, பெட்டிகளுக்கு முன்னால் ஒரு தடவை தலை குனிந்துவிட்டு, வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். கடையில் திடீரென்று இடம் நிறைய இருந்தது.

காலையில் பிரித்த பெட்டியில் மிச்சமிருந்தவை தவிர, மேஜைமேல் சிகுசா கிழித்த அந்த ஒரு பை மட்டும் கிடந்தது. டோகுஜி அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காதைப் பிடித்துத் தப்பான பக்கம் இழுத்தார்.

"கிழிஞ்சுடும், குடுங்க மாமா." சிகுசா காதுகளை மடக்கி விரித்து, இரண்டு கோப்பைகளில் ஒன்றைப் பீடத்துக்கென்று ஒதுக்கி, மற்றதில் மாட்டினாள். வெந்நீரைக் கொஞ்சமாக விட்டு, பொடி பொங்கி அடங்கும்வரை காத்திருந்து, மறுபடி விட்டாள். பாதியைப் பீடத்துக் கோப்பைக்கு மாற்றி தோஷியேயிடம் கொடுத்தாள். மீதியை டோகுஜியிடம் நீட்டினாள்.

முதல் வாயை அவர் நாக்கிலேயே வைத்திருந்தார். பிறகு விழுங்கினார். நெற்றி சுருங்கியது.

"என்ன மாமா? நல்லா இல்லியா?"

"கடைசியில ஒரு கசப்பு நிக்குது" என்றார். "வறுக்கறதை நிறுத்த வேண்டிய எடத்துல நிறுத்தல. ஒரு மூச்சு தாமதம்." இன்னொரு வாய் குடித்தார். "அவனைக் காபி விஷயத்துல நான் ஆயிரம் சொல்லியிருக்கேன். ஆனா வறுக்கறப்ப அவன் கண்ணு கொட்ட மாட்டான். நிக்கற எடத்தை விட்டு நகர மாட்டான். அன்னிக்கு மெஷினை விட்டுட்டு எங்கேயோ போய் உக்காந்திருக்கான்."

உள்ளறைக்குப் போன தோஷியே வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"உடம்பு முடியாம உக்காந்திருக்கான்" என்றார் டோகுஜி. "நான் சுவருக்கு இந்தப் பக்கந்தான் இருந்தேன்." கோப்பையைப் பார்த்தபடியே கேட்டார்: "உன்கிட்ட ஏதாவது சொன்னானா சிகுசா?"

"இல்ல மாமா."

அது உண்மைதான். அந்த உண்மைதான் அவளுக்கு வலித்தது.

"வேற யார்கிட்டயாவது?"

"யார்கிட்டச் சொல்லப் போறான்?" என்றாள் தோஷியே. "மடோகாகிட்டதான் எல்லாத்தையும் உளறுவான். அவ போன்ல ஏதாவது சொன்னாளா?"

ஹகோடாடேயில் பனி விழ ஆரம்பித்திருக்கும். மடோகா வயிற்றில் கை வைத்துக்கொண்டு படுத்திருப்பாள்.

"நல்லா இருந்துதுன்னு சொன்னா" என்றாள் சிகுசா.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் அத்தே."

டோகுஜி கோப்பையை அடிவரைக்கும் குடித்தார். அந்தக் கசப்பு நாக்கில் நிற்க, வாயைத் துடைக்காமல், கோப்பையை அவள் பக்கம் தள்ளினார்.

"இன்னொண்ணு போடு" என்றார், அவள் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.